மெருகில் கரையும் எஃகு

வின்செஸ்டர் நிறுவனம் 1912-இல் வெளியிட்ட 'மாடல் 12' ஷாட்கன்னை அமெரிக்காவின் களிமண் தட்டுச் சுடும் மைதானங்களில் இன்றும் காணலாம். ஜான் பிரவுனிங்கின் 1897-ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து டி.சி. ஜான்சன் வளர்த்தெடுத்த வடிவம் அது. முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா குழலில் ஏறும். கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் தொழிற்சாலையில் 1960களின் முற்பகுதி வரை ஏறக்குறைய 20 லட்சம் துப்பாக்கிகள் இப்படிச் செய்யப்பட்டன. ரிசீவர் எனப்படும் நடு உடலை, அடித்து உருவாக்கிய எஃகுத் துண்டிலிருந்து கடைந்து எடுத்தார்கள். கூலி ஏறியபோது அந்த வேலைப்பாட்டின் செலவே உற்பத்தியை நிறுத்தியது. அதே வேலைப்பாடுதான் 70, 80 வயதான துப்பாக்கிகளை இன்றும் சுட வைக்கிறது. உள்ளுறுப்புகள் உறுதியாக இருக்க, தோற்றம் மட்டும் தளர்ந்திருக்கும். கை பிடித்துச் சுமந்த இடத்தில் கருநீலம் போய் எஃகு வெள்ளையாகத் தெரியும். குழலில் பழுப்புப் படலம், கட்டையில் பள்ளங்கள், உரிந்த வார்னிஷ். இப்படி ஒன்று கைக்கு வந்தால், பட்டறையில் கொடுத்துப் புதிதுபோல் ஆக்கிவிடலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. உலோகவியலும் வேதியியலும் அந்த ஆசைக்கு எவ்வளவு இடம் தருகின்றன என்று பார்க்கலாம்.

பட்டறையில் நடப்பவை இரண்டு வேலைகள். ஒன்று எடுப்பது: தேய்த்தல், உரசுதல், அமிலத்தில் கரைத்தல். மற்றது சேர்ப்பது: நிறமேற்றுதல், எண்ணெய் ஊட்டுதல், வார்னிஷ் பூசுதல். வாடிக்கையாளர் காசு கொடுப்பது இரண்டாவதற்கு. துப்பாக்கியின் உடலில் மாறாமல் தங்கிவிடுவது முதலாவது. பூசியதைப் பிறகு எடுத்துவிடலாம். எடுத்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே புதுப்பிக்கலாமா என்று துப்பாக்கி முழுவதற்கும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்பதில் பயனில்லை. குழல், ரிசீவர், கட்டை என்று ஒவ்வொரு பரப்பையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, இங்கே புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் எதை, எவ்வளவு எடுக்க வேண்டியிருக்கும் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், விளையாட்டுக்குப் பயன்படும் பெரும்பாலான பழைய ஷாட்கன்களில் மரத்துக்கு ஓரளவு 'ஆம்' என்றும், எஃகுக்கு அநேகமாக 'வேண்டாம்' என்றும் விடை வருகிறது.

எஃகின் கருநீலத்தை முதலில் பார்ப்போம். புளூயிங் என்று துப்பாக்கிக்காரர்கள் சொல்வது வண்ணப்பூச்சு ஆகாது. அது துருவின் உடன்பிறப்பு. இரும்பும் ஆக்சிஜனும் ஒரு விகிதத்தில் சேர்ந்தால் உதிரும் செந்துரு. வேறு விகிதத்தில் சேர்ந்தால் மாக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடு. பழைய முறையில் எஃகின் மேல் அமிலக் கரைசலைத் தடவி, ஈரமான அறையில் வைத்து, வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவார்கள். பிறகு கொதிநீரில் மூழ்கவிட்டால் செந்துரு மாக்னடைட்டாக மாறும். ஒட்டாமல் நிற்கும் பொடியை இரும்பு நாராலோ கம்பிப் புருசாலோ துடைத்துவிட்டு, மறுபடி தடவி, மறுபடி துருப்பிடிக்க விட்டு, மறுபடி கொதிக்க வைப்பார்கள். நாள் கணக்கில் நடக்கும் வேலை இது. நேரம் பணமான காலத்தில் தொழிற்சாலைகள் வேறு வழிக்குப் போயின. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்புகளும் கரைத்த நீரை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி அதில் எஃகை அமிழ்த்தினால் அரைமணி நேரத்தில் கறுத்துவிடும். வின்செஸ்டரும் 1930களின் இறுதியில் இதற்கு மாறியது. எந்த வழியில் போனாலும் கிடைக்கும் படலத்தின் தடிமன் ஏறத்தாழ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். நுண்துளைகள் உள்ள அந்தப் படலம் ஈரத்தைத் தானாகத் தடுக்காது. அதில் ஊறி நிற்கும் எண்ணெய்தான் தடுக்கிறது. எண்ணெய் வற்றிய புத்தம்புது புளூயிங், எண்ணெய் துடைத்த வெற்று எஃகைவிடப் பெரிதாக ஒன்றும் தாக்குப்பிடிக்காது.

நிறம் இவ்வளவு மெல்லியது என்றால், அதை மாற்றுவதில் எஃகுக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். நிறத்தை மட்டும் கரைத்துவிட்டுத் திரும்ப ஏற்றினால் இழப்பு மிகக் குறைவுதான். ஆனால் யாரும் அதோடு நிறுத்துவதில்லை. துரு அரித்த சிறு குழிகள் இருந்தால் புது நிறம் அவற்றை மறைக்காது. பளபளப்பான கறுப்பில் அவை இன்னும் துலக்கமாகத் தெரியும். அதனால் குழியின் அடிமட்டம் வரை சுற்றுப்பரப்பு முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டியிருக்கிறது. ஒரு குழிக்காக ஒரு குழல் முழுவதும் மெலிகிறது. இந்தத் தேய்ப்பைச் சுழலும் துணிச் சக்கரத்தில் செய்தால் சேதம் இன்னும் கூடும். மென்மையான சக்கரம் தட்டையான பரப்பைவிட விளிம்புகளையும் துளைகளின் வாயையும் அதிகம் தின்னும். ரிசீவரின் கூர்விளிம்புகள் மழுங்கும். திருகுத் துளைகள் கிண்ணம்போல் குழியும். நிறுவனப் பெயரும் எண்களும் ஒருபக்கம் ஆழமாகவும் ஒருபக்கம் மங்கலாகவும் நிற்கும். புதுப்பித்த துப்பாக்கியைத் தேர்ந்த கண்கள் ஒரு நொடியில் கண்டுபிடிப்பது நிறத்தைப் பார்த்து என்பதைவிட இந்த மழுங்கலைப் பார்த்துத்தான். தொடர் எண்ணைப் பொறுத்தவரை இது சட்டப் பிரச்சினையும்கூட. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். இந்திய ஆயுதச் சட்டம், 1959 அடையாளக் குறிகளை அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. சக்கரத்தின் முன் நிற்பவருக்கு அந்த நோக்கம் இல்லாவிட்டாலும், சக்கரம் நோக்கம் பார்த்துத் தேய்ப்பதில்லை.

மாடல் 12-இல் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அதன் குழலில் 'நிக்கல் ஸ்டீல்' என்று பொறித்தே விற்றார்கள். நிக்கல் கலந்த எஃகு, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட்டும் கரைத்த அந்தச் சூடான உப்புக் குளியலில் கறுப்புக்குப் பதில் கத்தரிப்பூ நிறம் பெறுவதுண்டு. குழல் கறுப்பாகவும் ரிசீவர் ஊதாவாகவும் திரும்பி வரும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உரிமையாளர் விழிப்பார். பெருமுயற்சி எடுத்து நிறத்தைச் சீராக்கினாலும், 1925-இல் செய்த துப்பாக்கிக்கு 1950-இன் கறுப்புதான் கிடைக்கும். புட்டியில் விற்கும் குளிர் புளூயிங் கரைசல்கள் இதைவிட மோசம்: அவற்றில் பெரும்பாலானவை செம்பும் செலினியமும் சேர்ந்த சேர்மத்தை எஃகின் மேல் படியவைக்கின்றன. பார்வைக்குக் கறுப்பு, ஆனால் மாக்னடைட் இல்லை. உறையில் நாலு தடவை போட்டு எடுத்தால் தேய்ந்துவிடும்.

எதிர்வாதங்களில் வலுவானது இது: பழுப்பும் துருவும் படிந்ததை அப்படியே விட்டால் எஃகு மேலும் அரிக்கப்படாதா? பாதுகாப்புக்காகவாவது புதுப்பிக்க வேண்டாமா? இதற்குப் பழுப்பு எல்லாம் ஒன்றல்ல என்பதுதான் பதில். பல ஆண்டுகள் எண்ணெயில் ஊறிய பழுப்புப் படலம் பெரும்பாலும் அடங்கிப்போன துரு. வெள்ளைத் துணியால் துடைத்தால் பழுப்பான எண்ணெய் மட்டும் வரும். செம்மஞ்சள் பொடி ஒட்டினாலோ, துடைத்த சில நாளில் அதே இடத்தில் மீண்டும் பூத்தாலோ அங்கே துரு உயிரோடு இருக்கிறது. காரணம் அநேகமாக வியர்வையின் உப்பு. குளோரைடு குழிகளுக்குள் தங்கி, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, அரிப்பை விடாமல் நடத்தும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது இரும்பின் அரிப்பு வேகமெடுக்கிறது என்பதை டபிள்யூ.ஹெச்.ஜே. வெர்னன் இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனில் செய்த ஆய்வுகள் காட்டின. உப்பு கலந்தால் அதற்குக் குறைந்த ஈரமே போதும். இப்படி உயிரோடு இருக்கும் துருவை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் சக்கரம் தேவையில்லை. பழைய புளூயிங் முறையின் பாதியே போதும்: மரத்திலிருந்தும் உள்ளுறுப்புகளிலிருந்தும் பிரித்த குழலை, எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கழுவிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைத்தால் செந்துரு கறுத்து மாக்னடைட்டாகிறது; உப்பும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. மேலே நிற்கும் பொடியை மிருதுவான கம்பிப் புருசால் துடைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் பூசினால் போதும். குழிகள் குழிகளாகவே இருக்கும். அவற்றின் அடியில் கறுப்பு படிந்திருக்கும். நல்ல எஃகில் உரசி எடுத்தது ஏதும் இல்லை. துருவைக் கரைக்கும் அமிலங்களை இங்கே பயன்படுத்தக் கூடாது. செந்துருவோடு எஞ்சியிருக்கும் நல்ல புளூயிங்கையும் சேர்த்தே அவை கரைத்துவிடும்.

இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் கணக்கு இன்னும் கடுமையாகிறது. இரண்டு குழல்களுக்கு நடுவே மேலும் கீழும் ஓடும் பட்டைகள் ஈயமும் தகரமும் கலந்த பற்றால் ஒட்டப்பட்டவை. அந்தப் பற்று உருகத் தொடங்குவது 183 டிகிரியில். உப்புக் குளியல் அதற்குக் கீழேதான் இருக்கிறது என்று அவசரப்பட்டு ஆறுதலடைய முடியாது. ஈயம், தகரம் இரண்டையும் காஸ்டிக் சோடா கரைக்கும். பற்று தளர்ந்தால் பட்டை கழன்றுவரும். கழலாவிட்டாலும் பட்டைக்கு அடியில் புகுந்த உப்புக் கரைசல் வெளியே வராமல் தங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆண்டுக்கணக்கில் அரிக்கும். அத்துடன், பழைய பிரிட்டிஷ் இரட்டைக்குழல்களின் சுவர் நடுப்பகுதியில் மிகவும் மெல்லியது. அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், அதற்குக் கீழே போகக் கூடாது என்பது அந்த நாட்டுத் தொழிலாளர்களின் பொதுவான கணிப்பு. குழலின் உட்பக்கம் அழுத்தம் ஏறும்போது சுவரில் எழும் இழுவிசை, சுவரின் தடிமனுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். 0.6 மில்லிமீட்டர் சுவரிலிருந்து 0.1 மில்லிமீட்டரைத் தேய்த்து எடுத்தால் அதே தோட்டாவுக்கு எஃகு 20 விழுக்காடு கூடுதல் இழுவையைத் தாங்க வேண்டும். மாடல் 12-இன் ஒற்றைக் குழல் இதைவிடத் தடித்தது என்பதால் அதில் இந்த அபாயத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

இங்கே பிரிட்டனையே எடுத்துக்காட்டி மறுப்புச் சொல்லலாம். லண்டன், பர்மிங்ஹாம் பட்டறைகளுக்கு வேட்டைப் பருவம் முடிந்ததும் துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பி, பிரித்துக் கழுவி, தேவைப்பட்டால் குழலுக்குக் கறுப்பும் ஏற்றி வாங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். அதனால் துப்பாக்கியின் மதிப்பு குறைந்ததாக அங்கே யாரும் நினைப்பதில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளர் மட்டும் தொழிற்சாலை நிறத்தைப் புனிதமாக்குவது வெறும் சந்தைப் பித்து இல்லையா? சந்தைப் பித்து கொஞ்சம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வழக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் இந்த வாதத்துக்கே அது துணை நிற்கிறது. அங்கே வேலை செய்தது கையால், துருப்பிடிக்க வைத்துக் கொதிக்க வைக்கும் பழைய முறையில். சுவரின் தடிமனையும் துளையின் அகலத்தையும் அளந்து பார்க்கும் பழக்கமும், அதற்குப் பின்னால் சட்டமும் இருந்தன. பர்மிங்ஹாமில் 1813 முதல் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் நிலையம் இயங்குகிறது; குறித்த எல்லைக்கு மேல் துளை அகன்ற குழலை மறுசோதனை செய்யாமல் விற்பது பிரிட்டனில் குற்றம். அளந்து செய்யும் தொழிலாளியின் வழக்கத்தைக் காட்டி, அளக்காமல் தேய்க்கும் பட்டறையை நியாயப்படுத்த முடியாது.

ரிசீவரில் நீலம், காவி, சாம்பல் என்று மேகம்போல் படர்ந்த நிறங்கள் கொண்ட துப்பாக்கிகளும் உண்டு. மெரிடன் நகரத்துப் பார்க்கர் இரட்டைக்குழல்கள் புகழ்பெற்றவை. எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டியில் எஃகைப் பழுக்கச் சுடும்போது மேற்பரப்பில் கார்பன் ஏறுகிறது; நீரில் திடீரென அமிழ்த்தும்போது அந்தப் பரப்பு கடினமாகிறது. நிறம் அதன் உபரி விளைவு. இதைத் திரும்பச் செய்ய வேண்டுமானால் முழு உடலையும் மீண்டும் சுட வேண்டும். நீரில் விழும் நொடியில் எஃகு எந்தப் பக்கம் கோணும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. குழலும் உடலும் புகைக்கரி தடவிப் பார்த்து, மயிரிழை இடைவெளியும் இல்லாமல் பொருத்தப்பட்டவை. நிறத்துக்காக அந்தப் பொருத்தத்தைப் பணயம் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மரத்தின் கதை வேறு. மாடல் 12-இன் கட்டை அமெரிக்கக் கறுப்பு வால்நட். அதில் விழுந்த பள்ளம் பெரும்பாலும் இழப்பு ஆகாது, நசுங்கல்தான். மர இழைகள் அறுபடாமல் அமுங்கியிருக்கின்றன. ஈரத்துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தொட்டால் நீராவி செல்சுவர்களை இளக்கி வீங்கச் செய்யும். பள்ளம் கண்முன்னே மேலெழும். இழை அறுந்த கீறல் மட்டும் எழாது. பழைய வார்னிஷைக் கரைப்பான் கொண்டு எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய படலங்களாகத் தேய்த்து ஊட்டலாம். அந்த எண்ணெய் 'காய்வது' ஆவியாகி அல்ல. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகிறது. அதனால்தான் காயும்போது அதன் எடை கூடுகிறது. பழகிய தோசைக்கல்லின் கறுப்புப் படலமும் இப்படி இறுகிய எண்ணெய்தான், அங்கே வேலையை நெருப்பு விரைவுபடுத்துகிறது. எண்ணெய்ப் பூச்சு தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் ஊட்டினால் போதும், பழையதை எடுக்க வேண்டியதில்லை. ஓர் எச்சரிக்கை: இந்த வேதிவினை வெப்பத்தை வெளியிடும். எண்ணெய் ஊறிய துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் 38 மாடிக் கட்டடமான ஒன் மெரிடியன் பிளாசா எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததற்குத் தொடக்கம் அப்படிப்பட்ட துணிக்குவியல். துணியை விரித்து வெளியில் உலர்த்த வேண்டும்.

மரத்திலும் எல்லை உப்புத்தாளில் வருகிறது. எஃகைத் தொடும் இடங்களில் தொழிற்சாலை மரத்தை மயிரளவு மேடாக விட்டிருக்கும்; தேய்த்தால் மரம் எஃகுக்குக் கீழே இறங்கி, அந்தப் படி என்றைக்கும் மறையாது. அதைவிட முக்கியமானது கன்னம் பதியும் மேல்விளிம்பு. ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. அந்தக் கண்ணின் உயரத்தைக் கட்டை தீர்மானிக்கிறது. கண்ணுக்கும் குழல் முனை மணிக்கும் இடையே ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல்விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் 35 மீட்டர் தொலைவில் குறி 3.5 சென்டிமீட்டர் கீழிறங்கும். இரண்டு மில்லிமீட்டர் என்றால் 7. சுட வேண்டிய களிமண் தட்டின் விட்டமே 11 சென்டிமீட்டர்தான். குண்டுகள் அதைவிடப் பல மடங்கு அகலத்தில் சிதறுகின்றன, இந்தச் சிறு மாற்றம் என்ன செய்யும் என்று கேட்பார்கள். டிராப் போட்டியில் தட்டு சுடுபவரை விட்டு விலகி, மேலேறிக்கொண்டே போகிறது. அதனால் துப்பாக்கி சற்று உயரமாகச் சுடும்படி, மேல்விளிம்பில் மெல்லிய பட்டைகளை ஒட்டியும் எடுத்தும், மில்லிமீட்டர் கணக்கில் சரிசெய்பவர்கள் இந்த விளையாட்டுக்காரர்கள். அவர்கள் தேடிப்பிடித்த உயரத்தை ஒரு மாலை நேர உப்புத்தாள் அழித்துவிடும்.

இது வெறும் கருவி, என் கருவி, எனக்கு அழகாக இருக்க வேண்டும் என்பவருக்கு என்ன சொல்வது? உரிமை அவருடையது. ஆனால் கருவி என்ற வாதத்தை முழுமையாக எடுத்துக்கொண்டால், பணம் முதலில் போக வேண்டியது நிறத்துக்கல்ல, அளவுகோலுக்கு. பழைய 16 கேஜ் மாடல் 12 துப்பாக்கிகளின் தோட்டா அறை 2 9/16 அங்குலம். இன்றைய தோட்டா 2 3/4 அங்குலம். அறைக்குள் அது சிரமமில்லாமல் நுழைந்துவிடும். சுட்டபின் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றும். கண்ணாடிபோல் மின்னும் ரிசீவருக்குள் இந்தக் குறை அப்படியே இருக்கும். குழலும் ரிசீவரும் சேரும் இடத்தில் தேய்மானத்தால் வரும் ஆட்டத்தைச் சரிசெய்ய மாடல் 12-இல் ஒரு திருகு வளையமே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுவது எந்தப் புளூயிங்கையும்விடத் துப்பாக்கியின் ஆயுளைக் கூட்டும்.

ஏற்கெனவே ஒருமுறை சக்கரத்தில் மழுங்கடிக்கப்பட்டு, எழுத்துகள் பாதி அழிந்து, நிறமும் திட்டுத்திட்டாக நிற்கும் துப்பாக்கிகள் இதில் தனி வகை. அங்கே காப்பாற்ற வேண்டிய தொழிற்சாலைப் பரப்பு எஞ்சியிருக்காது. எண்ணைத் தொடாமல், குழிகளைத் துரத்தாமல், இருக்கும் வடிவத்தின் மேலேயே துருப்பிடிக்க வைத்துக் கொதிக்க வைக்கும் முறையில் கறுப்பேற்றித் தருபவர் கிடைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். சுவரின் தடிமனை முன்னும் பின்னும் அளந்து எழுதி வாங்கி, என்ன வேலை, எந்த ஆண்டில் நடந்தது என்பதையும் குறித்து, துப்பாக்கியின் காகிதங்களோடு சேர்த்து வைத்தால், அடுத்து வாங்குபவர் அதைத் தொழிற்சாலை நிறம் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்க மாட்டார்.